கல்லுக்குள் தெர்மாமீட்டர் வைத்தது யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற மாதம் சமூக மன்றம் ஒன்றில் நடந்த அறிவியல் உரையில், பல்லாவரத்துச் சார்னோகைட் கல் ஒன்றைக் கையில் ஏந்திய பேச்சாளர், அது 800 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், 25 கிலோமீட்டர் ஆழத்தில் உருமாறிய பாறை என்றார். முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "அங்கே தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தது யாருங்க?" என்று கேட்க, அவை சிரித்தது, பேச்சாளரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார். என்னைக் கேட்டால், அன்று எழுந்தவற்றுள் உருப்படியான கேள்வி அதுதான்.

பாறையில் உள்ள கனிமங்களே தெர்மாமீட்டர். கார்னெட் என்னும் செந்நிறக் கனிமமும் பயோடைட் என்னும் கருநிற மைக்காவும் அருகருகே வளரும்போது இரும்பையும் மக்னீசியத்தையும் தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. கார்னெட்டுக்கு இரும்பின்மேல் நாட்டம் அதிகம். ஆயினும் சூடு ஏற ஏற அந்த ஓரவஞ்சனை குறைந்து, பங்கீடு சமமாவதை நெருங்குகிறது. எந்தச் சூட்டில் எந்த விகிதம் என்பதை ஃபெர்ரி, ஸ்பியர் என்னும் புவியியலாளர்கள் இருவரும் 550 முதல் 800 டிகிரி வரை ஆய்வுக்கூடத்தில் சோதித்து 1978இல் வெளியிட்டனர். சார்னோகைட்டில் பயோடைட்டின் வேலையை, இரும்பும் மக்னீசியமும் கொண்ட ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம் செய்கிறது. (நம் சிங்கப்பூரின் புக்கிட் தீமா கிரானைட், பாறைக்குழம்பு ஆறி இறுகியது, அதற்குக் கணக்கு வேறு.)

அழுத்தத்துக்குச் சாட்சி கால்சியம். அழுத்தம் கூடும்போது அது பிளாஜியோகிளேஸ் என்னும் ஃபெல்ட்ஸ்பார் வகைக் கனிமத்தை விட்டுக் கார்னெட்டுக்குள் கூடுதலாகப் போய்ச் சேர்கிறது. குறைந்த இடத்தில் அடங்கும் அமைப்பு கார்னெட்டினுடையது என்பதே காரணம். ஒரு கிலோபார் அழுத்தம் (காற்றழுத்தத்தைப்போல் ஏறத்தாழ ஆயிரம் மடங்கு) பூமிக்குள் ஏறத்தாழ மூன்றரைக் கிலோமீட்டர் ஆழத்துக்குச் சமம்.

ஆனால், பாறை மேலெழுந்து ஆறும்போதும் இரும்பும் மக்னீசியமும் இடம் மாறிக்கொண்டுதான் இருக்கின்றன என்பதால், கார்னெட்டின் விளிம்பை மட்டும் அளந்தால் பாறை கண்ட உச்ச வெப்பநிலைக்குப் பதிலாக, அந்த இடமாற்றம் நின்றுபோன வெப்பநிலையே கிடைக்கும். அளவையிலும் சமன்பாட்டிலும் உள்ள பிழைகளும் சேர்வதால், 50 டிகிரியும் ஒரு கிலோபாரும் முன்பின்னாக இருக்கலாம் என்று சொல்வதே ஆய்வாளர் வழக்கம். அப்படிப் பார்த்தால், மேடையில் சொன்ன 25 கிலோமீட்டர், இருபத்தொன்றரையாகவும் இருபத்தெட்டரையாகவும் இருக்க இடமுண்டு. தமிழில் அறிவியல் பேசுவோரும் எழுதுவோரும் இந்த முன்பின்னையும், எந்தக் கனிமங்களைக் கொண்டு கணக்கிட்டார்கள் என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிட வேண்டும். கேட்பவர்களுக்குப் புரியாது என்று விட்டுவிட வேண்டாம்.

அந்தப் பெரியவர் இதைப் படிப்பாராயின், அவருக்கு ஒன்று: அன்று கைக்குக் கை மாறி வந்த கல்லில் மாதுளை முத்து நிறத்தில் தெரிந்த புள்ளிகள்தாம் கார்னெட்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
தோ பாயோ