வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம்: யாக்கோபு 1:2-4

அன்பிய உறவுகளுக்கு, இயேசுவுக்கே புகழ்.

இந்த வெள்ளி மாலை 7 மணிக்கு, ஞானஒளிவுபுரம் தையல்கடை அக்கா வீட்டில், நம் பகுதிக் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஜெபிக்கக் கூடுகிறோம். சோதனைகள் வரும்போது மகிழ்ச்சியாக இருங்கள் என்று விவிலியத்தில் யாக்கோபு தன் திருமுகத்தில் சொல்லும் பகுதிதான் வாசகம். வட்டிக்காரர் வாசலில் நிற்கும்போது எப்படி மகிழ்வது என்று போன வாரமே ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கஷ்டமே நல்லது என்று யாக்கோபு சொல்லவில்லை. அதில் நம்பிக்கை புடம்போடப்பட்டு மனவுறுதி பிறக்கிறது என்கிறார். மகிழ்ச்சி அதற்காகத்தான்.

நம் மதுரை மிஷனில், அதாவது இயேசு சபைக் குருக்களின் மறைப்பணியில், உழைத்த புனித அருளானந்தரைப் பாருங்கள். 1686-இல் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். விடுதலையாகி ஐரோப்பா போனவர், அங்கேயே தங்கியிருக்கலாம். மறவர் சீமைக்கே, இன்றைய ராமநாதபுரம் பக்கத்துக்கே, திரும்பி வந்தார். 1693 பிப்ரவரி 4 அன்று ஓரியூரில் தலை வெட்டப்பட்டது. அதற்கு முன் சிறையிலிருந்து எழுதிய கடிதத்தில் புலம்பல் இல்லை, சாவை ஆவலோடு எதிர்பார்ப்பதாக எழுதினார். நம்மிடம் யாரும் தலையைக் கேட்கவில்லை, அது வேறு விஷயம்!

திருத்தூதர் பணிகள் 16-ஐயும் வாசித்துவிட்டு வாருங்கள். பவுலும் சீலாவும் சிறையில், கால்களை மாட்டிவைக்கும் தொழுமரத்தோடு நள்ளிரவில் பாடிய இடம். பேச மனமில்லாதவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்.

அப்புறம், டயாலிசிஸ் போய்வரும் நம் அண்ணனால் மாடி ஏற முடியாது. அதனால் கூட்டம் கீழ்வீட்டில். அவருக்குத் தண்ணீரே அளவுதான். காபி குடிங்க என்று யாரும் வற்புறுத்த வேண்டாம்.