ஏழு பேர் கணக்கு

கும்பகோணம்,
செப்டம்பர் 2025

அன்பு நண்பனுக்கு,

நலம், நலமறிய ஆவல். உன் கடிதம் வந்து சேர்ந்தது. இந்த ஆண்டு மேட்டூர் அணை ஜூன் 12 அன்றே திறக்கப்பட்டதால் இங்கே குறுவை பிந்தவில்லை. அறுவடை வேலையில் பதில் எழுதத்தான் தாமதமாகிவிட்டது. வீட்டுச் செய்திகளை முதல் பக்கத்திலேயே முடித்துக்கொண்டு, மீதிப் பக்கங்கள் அனைத்தையும் நம் கால்பந்து கிளப்பான சென்னையின் எஃப்சிக்கு ஒதுக்கியிருக்கிறாய். எங்கள் வீட்டிலும் எல்லோரும் சுகம். ஆகவே நானும் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நல்ல வெளிநாட்டு ஸ்டிரைக்கர் ஒருவர் இருந்திருந்தால் 2024-25 இந்தியன் சூப்பர் லீக் பருவத்தில் 13 அணிகளில் 11ஆவது இடத்துக்குப் போயிருக்க மாட்டோம் என்பது உன் வாதம். எனக்கு இதில் உடன்பாடில்லை. வெளிநாட்டு ஸ்டிரைக்கர் வில்மர் ஜோர்டான் கில் அந்த அணியில்தான் இருந்தார்; கோலுக்கான பந்தைத் தருவதில் லீக்கின் முன்னணியில் நின்ற கானர் ஷீல்ட்ஸும் அங்கேதான் இருந்தார். முன்வரிசையில் ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. அவர்களுக்குப் பின்னால் பருவத்துக்குப் பருவம் முகங்கள் மாறிக்கொண்டே இருந்ததுதான் குறை என்பேன். அதற்கு முந்தைய கோடையில் மட்டும் ரஹீம் அலி ஒடிசாவுக்கும், இடது பக்கம் விளையாடிய ஆகாஷ் சங்வான் கோவாவுக்கும் போனார்கள். அப்போதெல்லாம் ‘யார் வருகிறார்கள்?’ என்றே நாம் கேட்டுக்கொண்டிருந்தோம். போகிறவர்களைப் பற்றி எவரும் கவலைப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

உன் எண்ணம் எங்கிருந்து வருகிறது என்பது எனக்குத் தெரியும். 2015இல் நம் வெளிநாட்டு ஸ்டிரைக்கர் மெண்டோசா 13 கோல் அடித்ததையும், ஃபதோர்டாவில் கோவாவுக்கு எதிரான இறுதி ஆட்டத்தின் கடைசி நிமிடங்களில் அவர் போட்ட கோலால் நாம் 3-2 என்று வென்றதையும் உன்னால் மறக்க முடியாது. வெள்ளத்தால் சொந்த மைதானத்தை இழந்து, அரையிறுதியின் ‘சொந்த ஊர்’ ஆட்டத்தைப் புனேவில் ஆடிய அணி அது. அந்த வெற்றியை நானும் கொண்டாடியவன்தான். ஆனால் அன்றைய விதி வேறு. ஆறு வெளிநாட்டவர் ஒரே நேரத்தில் களத்தில் நிற்கலாம் என்றிருந்தபோது, நல்ல ஆறு பேரைக் கண்டுபிடித்துக் கூட்டிவந்தாலே பாதி வேலை முடிந்தது. 2017-18இல் அது ஐந்தாகக் குறைந்தது. 2021-22 முதல் நான்கே பேர் என்று ஆனது. பதினொருவரில் ஏழு பேர் இந்தியராக இருந்தாக வேண்டும். விதி இவ்வாறு மாறிய பிறகும் ஒரு மெண்டோசாவைத் தேடிக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த ஏழு பேரில் எத்தனை பேர் மூன்று ஆண்டுகளாகச் சேர்ந்து விளையாடுகிறார்கள் என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

2017-18இல் நாம் வென்ற இரண்டாவது கோப்பையை நினைத்துப் பார். பெங்களூரில் நடந்த அந்த இறுதி ஆட்டத்தில் சுனில் சேத்ரி முதலிலேயே கோல் அடித்துவிட, இரண்டு கார்னர்களில் மைல்சன் ஆல்வஸ் எழும்பித் தலையால் முட்டிய இரண்டு கோல்களும், பிறகு ரஃபேல் அகஸ்டோ அடித்த மூன்றாவதும்தான் எல்லோருக்கும் நினைவிருக்கின்றன. எனக்கோ அதற்கு முந்தைய அரையிறுதிதான் பெரிது. கோவாவுக்கு எதிராக 3-0 என்று வென்ற அந்த இரவில் ஜெஜே இரண்டும், சென்னைப் பையன் தனபால் கணேஷ் ஒன்றும் அடித்தார்கள். மூன்று கோலும் இந்தியர்களுடையவை. அடுத்த பருவத்தில் கணேஷ் முழங்கால் காயத்தால் ஆட முடியாமல் போக, பின்வரிசை ஆட்டக்காரர் செரேனோ அணியைவிட்டு விலக, கோப்பை வென்ற அதே அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகளுடன் கடைசி இடத்துக்குச் சரிந்தது. பயிற்சியாளர் அதே ஜான் கிரிகோரிதான். ‘எல்லாம் பயிற்சியாளர் கையில்’ என்று இன்னொரு இடத்தில் எழுதியிருக்கிறாயே, அதற்கும் இதையே பதிலாக வைத்துக்கொள்.

நீ மறுப்பாய் என்று தெரியும், 2019-20ஐக் காட்டுவாய். பயிற்சியாளர் ஓவன் காயல் டிசம்பரில் வந்து, தள்ளாடிக்கொண்டிருந்த அணியை இறுதிப் போட்டிவரை கொண்டுபோனார், வால்ஸ்கிஸ் 15 கோல் அடித்தார், கிரிவெல்லாரோ மாயம் செய்தார் என்பாய். எல்லாம் உண்மை. ஆனால் அடுத்த ஆண்டே காயல் ஜாம்ஷெட்பூருக்குப் போனார். வால்ஸ்கிஸும் அவர் பின்னாலேயே போனார். கிரிவெல்லாரோ காயம் பட்டுப் பாதியில் உட்கார்ந்தார். 20 ஆட்டங்களில் 11 டிராவுடன் நாம் எட்டாவது இடத்தில் நின்றோம். வெளிநாட்டவர் இருவர் தோளில் மட்டும் வீடு கட்டினால், அவர்கள் பெட்டியைக் கட்டும் நாளில் கூரையும் சேர்ந்தே போகும்.

இனி, ஆட்டக்காரர்களை எடைபோடும் விதம் பற்றி. இங்கேதான் உனக்கும் எனக்கும் பெரிய வேறுபாடு. லல்லியன்ஸுவாலா சாங்தே நம்மிடம் இருந்த நாட்களில், ‘ஓடுகிறான், ஓடுகிறான், கோலுக்கு முன்னால் போனால் கால் கோணுகிறது’ என்று நீ எழுதிய கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. காலரி முழுக்கவும் அன்று அதையேதான் சொல்லிற்று. 2020 பிப்ரவரி கடைசியில் கோவாவை 4-1 என்று வென்ற அரையிறுதியை நேரு ஸ்டேடியத்தில் பக்கவாட்டுக் கோட்டுக்கு அருகில் உட்கார்ந்து பார்த்தேன். கோயான், தாபா, எலி சாபியா, சாங்தே ஆகிய நால்வரும் ஆளுக்கொரு கோல் அடித்தார்கள். எனக்கு அந்தக் கோல்களைவிட வேறொன்று கண்ணில் பட்டது. பந்து மறுபக்கம் இருக்கும்போதே சாங்தே கோட்டை ஒட்டி முன்னே நகர்ந்து நிற்பார். அவரைக் கவனிக்க வேண்டிய டிஃபெண்டர் ஒவ்வொரு முறையும் திரும்பிப் பார்த்து, நான்கைந்து அடி பின்வாங்குவார். அந்த நான்கைந்து அடியில்தான் தாபாவுக்குப் பந்தை வாங்கித் திரும்ப இடம் கிடைத்தது. தொலைக்காட்சியில் இது தெரியாது. கேமரா பந்தின் பின்னாலேயே ஓடும். (ஆட்டம் முடிந்ததும் எழும்பூருக்கு ஓடி உழவன் எக்ஸ்பிரஸைப் பிடித்தவனுக்கு மறுநாள் வயலில் வேலை ஓடவில்லை என்பது வேறு கதை.)

2022 ஜனவரியில் அதே சாங்தேயை மும்பை சிட்டி அழைத்துக்கொண்டது. 2022-23இல் அவர் 10 கோல் அடித்து, லீக் சுற்றில் முதலிடத்துக்கான ‘லீக் ஷீல்டு’ மும்பைக்குக் கிடைக்கப் பெரிய காரணமாக இருந்து, அந்தப் பருவத்தின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தையும் வாங்கினார். நம்மிடம் இருந்தபோது கால் கோணியவருக்கு மும்பையில் எவரும் புதுக் கால் மாட்டிவிடவில்லை. அவரைச் சுற்றி நிலையான அணி இருந்தது. எங்கே, எப்போது பந்து வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பக்கவாட்டில் ஓடும் விங்கர் ஒருவர் இருபத்து மூன்று வயதில் தவறவிடும் வாய்ப்புகளை எண்ணிக் கழிப்பது சரியல்ல. அத்தனை வாய்ப்புகளுக்கு அவர் வந்து சேர்கிறார் என்பதே அவருடைய மதிப்பு. இதைப் புரிந்துகொண்ட கிளப் அவரை வாங்கியது, நாம் விட்டோம்.

நடுக்களத்தில் ஆடும் அனிருத் தாபாவின் கதை இன்னும் வருத்தமானது, ஏனென்றால் அவருடைய அருமை நமக்குத் தெரிந்தே இருந்தது. 2016இல் பதினெட்டு வயதுப் பையனாக வந்து, ஏழு ஆண்டு இருந்து, கேப்டனாகவும் ஆகி, 2023இல் மோகன் பகானுக்குப் போனார். நம் ஆற்றுப் பக்கத்து மதகில் நிற்கும் லஸ்கரைப் போன்றவர் அவர்: எந்த வாய்க்காலுக்கு எப்போது ஷட்டரைத் தூக்க வேண்டும், எதை இறக்கி வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொண்டே நிற்பார், எல்லா வயலுக்கும் தண்ணீர் ஏறும்வரை அவர் அங்கே இருப்பதே யாருக்கும் தெரியாது. போனதில் தாபாவைக் குறை சொல்ல மாட்டேன். ஆட்டக்காரரின் உழைக்கும் காலம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள்தான். ஏழு ஆண்டை ஒரே சட்டையில் கழித்தவர் கோப்பை வெல்லும் இடத்துக்குப் போக ஆசைப்படுவதில் என்ன தவறு? போன முதல் பருவத்தில் லீக் ஷீல்டு, அடுத்த பருவத்தில் ஷீல்டு, கோப்பை இரண்டும் மோகன் பகானுக்குக் கிடைத்தன. இருபது வயதில் நம்மிடம் கற்றுக்கொண்டதை இருபத்தைந்து வயதில் கொல்கத்தாவில் ஆடப் போனார். என் மனம் ஆறாதது இதற்குத்தான்.

அணி கலைந்தால் என்ன ஆகும் என்பதைக் கோயம்புத்தூரில் குடியிருக்கும் உனக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. 2019 மார்ச்சில் உங்கள் நேரு ஸ்டேடியத்தில் சென்னை சிட்டி என்ற வேறோர் அணி மினர்வாவை 3-1 என்று வென்று, ஐ-லீக் என்ற இன்னொரு தேசிய லீக்கின் கோப்பையைத் தூக்கியபோது நீ காலரியில் இருந்தாய். பெட்ரோ மான்சி அந்தப் பருவத்தில் 21 கோல் அடித்தார் என்று நீ பெருமையாக எழுதினாய். அடுத்த பருவத்துக்குள் அதே அணியின் நெஸ்டர் ஹைதராபாத் பக்கம் போனார்; அந்தப் பருவத்தின் நடுவிலேயே மான்சி ஜப்பானுக்குப் புறப்பட்டார். கோப்பையைத் தூக்கிய அந்த அணி அதன் பிறகு எங்கே போயிற்று என்று உன் தெருப் பையன்களைக் கேட்டுப் பார்; பாதிப் பேருக்குப் பெயரே நினைவிருக்காது.

இதில் எனக்குத் தனியே ஒரு மனக்குறை உண்டு. நம் மண்ணின் பையன்கள் வெளியூர் அணிகளில்தான் பெயரெடுக்கிறார்கள். காரைக்குடிப் பக்கத்து சிவசக்தி நாராயணன் பெங்களூருக்காகக் கோல் அடிக்கிறார். சென்னைக்காரர் நந்தகுமார் 2023 டூரண்ட் கோப்பையில் மோகன் பகானுக்கு எதிராக அடித்த ஒற்றைக் கோல், அந்த உள்ளூர்ப் போட்டி அணிக்கு எதிரான ‘டெர்பி’ ஆட்டத்தில் நான்கரை ஆண்டுகளாக வெற்றியைக் காணாத ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களைத் தூங்கவிடாமல் செய்தது. சூசைராஜ் குமரி மாவட்டத்திலிருந்து கிளம்பி ஜாம்ஷெட்பூர், கொல்கத்தா என்று சுற்றினார். இவர்களை எல்லாம் ஊர்ப்பாசத்துக்காக வைத்துக்கொள் என்று நான் சொல்லவில்லை. அந்த ஏழு இடங்களில் இரண்டையாவது இவர்கள் தகுதியாலேயே நிரப்பியிருப்பார்கள் என்றுதான் சொல்கிறேன்.

வெளியாட்களை நம்பும் இந்த வழக்கம் எங்கள் பக்கம் வரை வந்துவிட்டது. தை கடைசியில் சம்பா அறுவடை முடிந்ததும், உளுந்து தெளிக்காத வயலாகப் பார்த்து, தாள்களை மட்டமாக அறுத்து, வரப்பைக் கரைத்துச் சமன் செய்து எழுவர் கால்பந்துப் போட்டி நடத்துவார்களே, அது இப்போதும் நடக்கிறது. ஆனால் பரிசுத்தொகை ஏறியதிலிருந்து ஒவ்வோர் ஊர் அணியும் காரைக்காலிலிருந்தும் சென்னையிலிருந்தும் ‘பிளேயர் இறக்குகிறது’. வேனில் வருகிறார்கள், ஆடுகிறார்கள், ஆளுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு இரவே திரும்பிவிடுகிறார்கள். சென்ற முறை நான் பார்த்த ஓர் அணியில் உள்ளூர்க்காரர் என்று கோல்கீப்பர் ஒருவர்தான் நின்றார். ஆண்டு முழுவதும் மாலையில் பயிற்சிக்கு வந்த பையன்கள் சீருடையைப் போட்டுக்கொண்டு வைக்கோல் கட்டுகளின்மேல் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். கோப்பை அந்த ஊருக்குத்தான் வந்தது. சித்திரையில் அதே திடலைக் கடந்து போனபோது, பயிற்சிக்கு வந்திருந்தவர்கள் ஓர் அணிக்கே போதவில்லை.

இப்போது நிலைமை இன்னும் சிக்கல். லீக்கை நடத்தும் ஒப்பந்தம் இந்த டிசம்பருடன் முடிவதால் அடுத்து என்ன என்று தெரியாமல், ஆகஸ்டில் நம் கிளப் முதல் அணியின் செயல்பாடுகளையே நிறுத்தி வைத்துவிட்டது. இந்த நேரத்தில் ‘யாரை வாங்கலாம்?’ என்று நீ பட்டியல் போட்டு அனுப்பியிருப்பதைப் பார்த்துச் சிரிப்பும் வந்தது, உன்மேல் பொறாமையும் வந்தது. என் கவலை எல்லாம் இருக்கிறவர்கள் கலைந்துவிடக் கூடாதே என்பதுதான். நம் முன்வரிசை ஆட்டக்காரர் இர்ஃபான் யத்வாடையே எடுத்துக்கொள். கோல் கணக்கை மட்டும் பார்த்தால் நீ அவரை முதல் ஆளாக அனுப்பிவிடுவாய். ஆனால் எதிரணி டிஃபெண்டர் நிம்மதியாகப் பந்தை வைத்துக்கொள்ள விடாமல் அவர் துரத்துகிற துரத்தலைப் பார்த்திருக்கிறாயா? காலித் ஜமீல் இந்திய அணியின் பயிற்சியாளர் பொறுப்பை ஏற்றதும் இர்ஃபானை அழைத்துக்கொண்டது காரணமில்லாமல் இல்லை. நான்கு பருவம் ஒரே இடத்தில் விட்டுவைத்தால் அவர் என்ன ஆவார் என்று பார்க்க எனக்கு ஆசை. நம் கிளப் அத்தனை பொறுமை காட்டும் என்று பந்தயம் கட்ட மட்டும் நான் தயாராக இல்லை.

நீ அனுப்பிய வெளிநாட்டவர் பட்டியலை அப்படியே ஓரமாக வைத்திருக்கிறேன். அடுத்த கடிதத்தில் ஏழு இந்தியப் பெயர்களை மட்டும் எழுதி அனுப்பு: இன்று நம்மிடம் இருப்பவர்களிலிருந்தே தேர்ந்தெடுக்க வேண்டும், மூன்று ஆண்டுக்கு எவரையும் மாற்றக் கூடாது, கோல்கீப்பரும் அதில் சேர்த்தி. நானும் என் ஏழு பேரை எழுதி வைக்கிறேன், ஒத்துப் பார்ப்போம். தை மாதம் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல், எழுவர் போட்டி தேதி தெரிந்ததும் அதற்கேற்றபடி பயணச்சீட்டுப் போடலாம். தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்