ஈரம் காயட்டும், பிறகு வாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சேற்றில் ஜீப் ஓட்டுவதற்கென்றே மழை மாதங்களில் ஏற்காட்டுக்கு வரும் நண்பர்களுக்காக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். நாகலூர், செம்மநத்தம் பக்கத்து மண்பாதைகளில் வாடகை ஜீப் ஓட்டிப் பிழைக்கிறவன் நான். தோட்டத்துக்கு ஆள் ஏற்றுவதும், காப்பி மூட்டை இறக்குவதும், இரவில் பிரசவ வலி எடுத்தவர்களை ஆரம்ப சுகாதார நிலையத்தில் சேர்ப்பதும் இந்தப் பாதைகளில்தான். அந்த நண்பர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓட்டிவிட்டுப் போகும் பாதையில் திங்கட்கிழமை காலை நாங்கள் போயாக வேண்டும்.

இந்த மலையின் செம்மண் காய்ந்திருக்கும்போது செங்கல் போல இறுகி நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஊறிவிட்டால் மிதித்த இடமெல்லாம் உள்ளே வாங்கும். ஒரு ஜீப் நிதானமாக ஏறிப்போனால் தடம் பதியும், அவ்வளவுதான். இரண்டு நாள் வெயில் அடித்தால் அதன்மேலேயே மறுபடி ஓட்டலாம். எட்டுப் பத்து வண்டிகள் ஒன்றன்பின் ஒன்றாக, சக்கரம் நின்ற இடத்திலேயே சுழலச் சுழல ஆக்சிலேட்டரை மிதித்து ஏறினால் முழங்கால் ஆழத்துக்கு இரண்டு பள்ளங்கள் விழுகின்றன. அதுவரை பாதையின் நடுமேட்டிலிருந்து இரு ஓரத்து வாய்க்காலுக்கும் வடிந்துகொண்டிருந்த மழைநீர், இனி அந்தப் பள்ளங்களில் இறங்கித்தான் ஓடும். சரிவில் ஒரே ஒரு கனமழை போதும், சக்கரத்தடம் ஓடையாகிவிடும். அரித்துக்கொண்டு போகும் மண் கீழே இருக்கிறவரின் காப்பித் தோட்டத்தில் போய் நிற்கும். மழை ஓய்ந்து தை மாதம் வந்தாலும் நிம்மதியில்லை. பள்ளத்தின் விளிம்பு அப்படியே இறுகிப்போய், இருசக்கர வாகனத்தில் வருகிறவர்களின் முன்சக்கரத்தைப் பிடித்துக் கீழே தள்ளுகிறது.

இதே மாதங்களில்தான் எங்களுக்குப் பாதை அதிகம் தேவை. அராபிகா காப்பிப் பழம் நவம்பர் வாக்கில் சிவக்கத் தொடங்கும். பறித்த அன்றே தோல் நீக்கும் இயந்திரத்துக்குப் போய்விட வேண்டும். மூட்டையில் கிடந்தால் புளித்துத் தரம் கெட்டுவிடும். பறிக்கிற பெண்கள் பலருக்குக் கிலோ கணக்கில்தான் கூலி. ஜீப் ஒரு மணி நேரம் தாமதித்தால் அந்த ஒரு மணி நேரக் கூலி அவர்களுக்குப் போனதுதான்.

கடந்த மழைக்காலத்தில் இப்படி ஒரு கூட்டம் வந்து போன மறுநாள், ஏற்றத்தின் நடுவில் என் ஜீப்பின் அடிப்பாகம் மண்ணில் அமர்ந்துவிட்டது. நான்கு சக்கரமும் பள்ளத்துக்குள் தொங்கின. உள்ளே கடும் காய்ச்சலோடு ஒரு பாட்டி இருந்தார். கம்பளியில் தொட்டில் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தார்ச்சாலை வரை தூக்கிப்போனோம். அவர் பிழைத்துக்கொண்டார். வழி நெடுக அவர் முனகிய முனகலை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

தோட்டத்து டிராக்டர்களும் பாதையைக் கெடுக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். ஆனால் தோட்டக்காரர்கள் கல்லும் சரளையும் கொட்டி மேடு கட்டுகிறார்கள், குறுக்கு வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்புகிறார்கள். நாளைக்கும் அதே வழியில் வர வேண்டுமே!

மழையில் வந்தே ஆக வேண்டும் என்றால், தயவுசெய்து ஓட்டத் தெரிந்து வாருங்கள். ஏற்றத்தில் ஏறுமுன் இறங்கி ஒருமுறை நடந்து பாருங்கள். உங்கள் செருப்பு கணுக்கால்வரை புதைந்தால் வண்டியைத் திருப்பிவிடுவதே நல்லது. கியரை அடிவாரத்திலேயே தேர்ந்துகொள்ளுங்கள், நடு ஏற்றத்தில் மாற்றாதீர்கள். சக்கரம் வழுக்கிச் சுழலத் தொடங்கிய நொடியில் காலை எடுத்துவிட வேண்டும். மிதிக்க மிதிக்கப் பள்ளம்தான் ஆழமாகும். இறங்கும்போது லோ கியரில் இன்ஜின் பிடித்து இறக்கட்டும், நியூட்ரலில் விடுவதும் பிரேக்கை அழுத்தியே வைத்திருப்பதும் வேண்டாம். குட்டையைக் கண்டு ஓரமாக ஒதுங்கிப் போகிறவர்கள் உண்டு. முதல் வண்டி ஒதுங்கிய இடத்தில் அடுத்த குட்டை விழும், அதற்கடுத்தவர் இன்னும் ஒதுங்குவார், கடைசியில் வேலியும் மிளகுக்கொடியும் சக்கரத்தடியில் போய்விடும். குட்டையில் குச்சி விட்டு ஆழம் பார்த்து, தடத்திலேயே மெதுவாகப் போங்கள். ஓடும் தண்ணீராக இருந்தால் போகவே போகாதீர்கள்.

சிக்கிய வண்டியை இழுக்க இரும்புக் கம்பியை நேராகச் சில்வர் ஓக் மரத்தில் சுற்றுகிறார்கள். பட்டை அறுந்து மரம் பட்டுப்போகிறது. அந்த மரத்தின் நிழலில்தான் காப்பிச் செடி வளர்கிறது, மிளகுக்கொடியும் அதில்தான் ஏறுகிறது. மரத்தைச் சுற்ற அகலமான நாடாக் கயிறு கடையில் கிடைக்கிறது, வாங்கி வண்டியில் போட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது டயரில் அப்பியிருக்கும் சேற்றைத் தட்டிவிட்டுத் தார்ச்சாலையில் ஏறுங்கள். கொண்டை ஊசி வளைவில் விழுந்து கிடக்கும் ஒரு கட்டிச் சேறு, பின்னால் ஸ்கூட்டரில் வருகிற குடும்பத்தைச் சாய்த்துவிடும்.

குறுகலான மலைப்பாதையில் இறங்கும் வண்டிதான் ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும். இது எங்கள் ஊர் மரியாதை மட்டுமல்ல, 2017ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளிலும் இருக்கிறது. காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவது 1882ஆம் ஆண்டு வனச் சட்டப்படி குற்றம். மூடுபனிக்குள் காட்டெருமைகள் நிற்கும் இடங்கள் அவை. இன்ஜினை உறுமவிட்டு அவற்றை மிரட்டினால் அவை ஓடிவருவது எங்கள் குடியிருப்புகளை நோக்கித்தான்.

மாவட்ட நிர்வாகத்துக்கும் ஒரு கோரிக்கை. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் ஏற்காடு மலைச்சாலையே சரிந்து போக்குவரத்து நின்றதைப் பார்த்தோம். தார்ச்சாலைக்கே அந்தக் கதி என்றால் மண்பாதை எந்த மூலைக்கு? இங்கிலாந்தில் ரிட்ஜ்வே என்ற பழம்பாதையின் சில பகுதிகளைக் குளிர்கால மாதங்களில் மோட்டார் வாகனங்களுக்கு மூடிவிடுகிறார்கள். அதேபோல அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் முடியும்வரை, குக்கிராமங்களுக்குப் போகும் மண்பாதைகளில் பொழுதுபோக்கு வண்டிகளுக்குத் தடை விதித்து, தார்ச்சாலை பிரியும் இடத்திலேயே பலகை வைக்கலாம். ஊர்க்காரர்கள், தோட்ட வண்டிகள், ஆம்புலன்ஸ் ஆகியவற்றுக்கு விலக்கு இருக்கட்டும். பலகையோடு நில்லாமல், ஊராட்சிகள் மழைக்கு முன்பே ஓர வாய்க்கால்களைத் தூர்வாரவும் நிதி ஒதுக்க வேண்டும்.

வெளியூர் வண்டிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. பிப்ரவரிக்குப் பிறகு பாதைகள் காய்ந்து கிடக்கும், பறிப்பும் பெரும்பாலும் முடிந்திருக்கும். உங்கள் ஜீப்பின் வலுவைச் சோதிக்கப் பாறையும் செங்குத்தும் இங்கே நிறையவே இருக்கின்றன. அப்போது வாருங்கள். எந்தப் பாதை பொதுவழி, எது தனியார் தோட்டம், எங்கே வனத்துறை எல்லை தொடங்குகிறது என்பதை நானே முன்னால் ஓட்டிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜீப் ஓட்டுநர்,
நாகலூர், ஏற்காடு வட்டம், சேலம் மாவட்டம்.