நாளிதழ்ச் சித்திரக்கதைகளைக் காத்துத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

வணக்கம்.

நாளிதழ்களில் வெளிவந்த சித்திரக்கதைத் தொடர்களின் வரலாற்றையும் அவை அழியாமல் காக்கப்பட்ட விதத்தையும் தமிழில் எழுதும் பணி நிறைவுற்று, கையெழுத்துப்படி அச்சுக்குப் போயிருக்கிறது. நூலில் இடம்பெறும் நன்றியுரை பெயர்ப்பட்டியலாகச் சுருங்கிவிட்டதால், யார் என்ன செய்தார்கள் என்பதை விரித்துச் சொல்ல இந்த மடலை எழுதுகிறேன். பிற துறைகளில் வரலாறு எழுதுபவர் ஓர் ஆவணக் காப்பகத்தின் கதவைத் தட்டலாம். நாளிதழ்ச் சித்திரக்கதைக்கு நெடுங்காலம் அப்படி ஓர் இடம் இருக்கவில்லை. காலையில் படித்து மாலையில் கழித்துவிடும் தாளில் வந்த கலை அது. அதைப் பேணுவது யாருடைய கடமையாகவும் கருதப்படவில்லை. ஆகவே இந்நூலில் உள்ள ஒவ்வொரு படத்துக்கும் பின்னால், கடமை ஏதும் இல்லாதிருந்தும் எடுத்து வைத்த ஒருவர் இருக்கிறார்.

முதல் நன்றி, தம் தந்தையார் தொகுத்த நறுக்கு ஏடுகளை நம்பி என்னிடம் ஒப்படைத்த குடும்பத்தாருக்கு. பெயர் வேண்டாம் என்று அவர்கள் விரும்பியதால் இங்கே குறிப்பிடவில்லை. தொடர்களைக் கத்தரித்து ஒட்டியவர்கள் பலர் உண்டு. ஆனால் அப்பெரியவர் ஒவ்வொரு நறுக்கின் ஓரத்திலும் நாளையும் ஆண்டையும் பென்சிலால் குறித்து வைத்திருந்தார் என்பதே அந்த ஏடுகளின் தனிமதிப்பு. பல தொடர்களில் கட்டத்துக்குள் மாதமும் நாளும் மட்டுமே எழுதப்பட்டிருக்கும். ஆண்டு, பொடி எழுத்தில் அச்சாகும் உரிமைக் குறிப்பில் ஒளிந்திருக்கும். ஓரத்தை ஒட்டிக் கத்தரிக்கும்போது அறுபட்டுப் போவது பெரும்பாலும் அந்தக் குறிப்புதான். அதோடு, ஒரே தொடரைப் பல நாளிதழ்களுக்கு விற்கும் வினியோக நிறுவனம் அனுப்பிய தொடரைச் சில நாளிதழ்கள் சில நாட்களோ சில வாரங்களோ தாழ்த்தி வெளியிட்டதும் உண்டு என்பதால், படத்தில் உள்ள தேதியை வைத்து மட்டும் வாசகர் அதை என்று படித்தார் என்று சொல்லிவிட முடியாது. இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க எனக்குக் கிடைத்த தொகுப்பு அது ஒன்றே.

வரிசையும் தேதியும் ஏன் இத்தனை முக்கியம் என்று கேட்பவர்களுக்கு ‘திம்பிள் தியேட்டர்’ என்ற தொடரைக் காட்டுவேன். எல்சி செகார் அதைத் தொடங்கியது 1919 டிசம்பரில். உலகமே அறிந்த மாலுமி பாப்பாய் அதற்குள் காலடி வைத்தது 1929 ஜனவரி 17 அன்று. ஒரு கடற்பயணத்துக்குக் கப்பலோட்ட ஆள் வேண்டும் என்பதற்காக உள்ளே வந்த துணைப்பாத்திரம் அவர். வாசகர்கள் விடாமல் பற்றிக்கொள்ளவே தங்கினார், பிறகு தொடரையே தமதாக்கிக்கொண்டார். பாப்பாய்க்கு முந்தைய ஒன்பது ஆண்டுகளை யாரும் சேர்த்து வைக்காவிட்டால், அந்த வரவு எத்தனை தற்செயலானது என்பதை இன்று யாராலும் நிறுவ முடியாது. ஃபிராங்க் கிங் 1918இல் தொடங்கிய ‘கேசொலின் ஆலி’ இன்னும் கடினமான நேர்வு. 1921 பிப்ரவரி 14 அன்று வால்ட் என்பவரின் வீட்டு வாசலில் கிடந்த குழந்தை ஸ்கீசிக்ஸ், வாசகர்களுக்கு வயது ஏறிய வேகத்திலேயே தானும் வளர்ந்து, இரண்டாம் உலகப் போரின்போது படையில் சேரும் இளைஞனாகிறான். இப்படிப்பட்ட கதையைத் தேர்ந்தெடுத்த சில பக்கங்களாகப் படித்தால் அதன் உயிர்நாடியே கைக்கு அகப்படாது. இடைவெளி இல்லாத வரிசை வேண்டும்.

அடுத்து, பைண்டு செய்த பழைய நாளிதழ்த் தொகுதிகளையும் அவற்றின் நுண்படச் சுருள்களையும் (மைக்ரோஃபிலிம்) ஒரே மேசையில் வைத்து ஒப்பிட அனுமதித்த நூலகர்களுக்கு நன்றி. இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு, இடநெருக்கடியாலும் தாள் நொறுங்கிவிடும் என்ற அச்சத்தாலும், அமெரிக்க நூலகங்கள் பல தம் நாளிதழ்த் தொகுதிகளை மைக்ரோஃபிலிமில் படம் பிடித்துவிட்டு மூலத்தைக் கழித்தன. செய்திக்கு அது போதும் என்று வாதிடலாம். சித்திரக்கதைக்கு அது பெருங்கேடு. கறுப்பு வெள்ளைச் சுருளில் ஞாயிறு இணைப்பின் வண்ணம் அடியோடு மறைந்தது. மெல்லிய கோடுகள் கரைந்தன. நிழல் தரும் புள்ளிகள் ஒன்றோடொன்று கலந்து கரும்பட்டையாயின. ஜார்ஜ் ஹெரிமனின் ‘கிரேசி கேட்’ ஞாயிறு பக்கங்கள் 1935 முதல் வண்ணத்தில் வந்தவை. அந்த வண்ணத்தின் ஒரு துளியும் சுருளில் இராது. எனினும் மைக்ரோஃபிலிமை முற்றாகப் பழிப்பதும் நியாயம் அன்று. நாள்தோறும் கறுப்பு வெள்ளையில் வந்த சிறிய தொடர்கள் சிலவற்றைத் தேட நமக்கு எஞ்சியிருப்பது அது மட்டுமே. இதை எனக்கு எடுத்துச் சொன்னதும் ஒரு நூலகர்தான்.

கழிக்கப்பட்ட அந்தத் தொகுதிகளைத் தம் வீட்டுக்கு ஏற்றிச் சென்ற பில் பிளாக்பியர்டுக்கு இன்று நேரில் நன்றி சொல்ல வழியில்லை. அவர் 2011இல் மறைந்தார். ஆயினும் இந்தத் துறையில் எழுதும் எவரும் அவரை முதலில் வணங்காமல் எழுதுவது முறையாகாது. தனிமனிதர் ஒருவருக்குத் தங்கள் தொகுதிகளைக் கொடுக்க நூலகங்களுக்குச் சட்டம் இடம் தரவில்லை என்றதும், அவர் 1968இல் ‘சான் பிரான்சிஸ்கோ காமிக் கலைக் கழகம்’ என்ற இலாப நோக்கற்ற அமைப்பைத் தம் வீட்டிலேயே நிறுவினார். தொகுதிகளைப் பிரித்து, சித்திரக்கதைகளை வெட்டி, தொடர்வாரியாகவும் தேதிவாரியாகவும் அடுக்குவதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டார். தொகுதியை வெட்டலாமா என்று அவரைக் குறை சொல்பவர்கள் உண்டு. முழுத் தாளையும் காப்பதே சரி என்ற அவர்களுடைய கொள்கையை நானும் ஏற்கிறேன். ஆனால் அன்று அவர் முன்னால் இருந்த மாற்றுவழி முழுத் தாளைக் காப்பது அன்று, பழைய தாளாகக் கழிவுக்குப் போவதுதான். 1990களின் இறுதியில் அந்தச் சேகரம் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அதன் எடை சுமார் 75 டன். நறுக்குகளும் பக்கங்களுமாக ஏறத்தாழ 25 லட்சம் துண்டுகள். 1977இல் அவரும் மார்ட்டின் வில்லியம்ஸும் இணைந்து ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்காகத் தொகுத்த பெருநூல், நாளிதழ்ச் சித்திரக்கதையை ஆய்வுக்குரிய பொருளாக ஆக்கியதில் பெரும்பங்கு வகித்தது.

முழுத் தாளைக் காக்கும் பணியையும் ஒருவர் செய்து பார்த்தார். பிரிட்டிஷ் நூலகம் தன்னிடமிருந்த அமெரிக்க நாளிதழ்த் தொகுதிகளை 1999இல் விற்க முற்பட்டபோது, எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் ஒரு காப்பகத்தை அமைத்து அவற்றில் பெரும்பகுதியை வாங்கினார். அவை 2004 முதல் டியூக் பல்கலைக்கழகத்தில் உள்ளன.

தாள் பாதுகாப்பு வல்லுநர் ஒருவர் எனக்குக் கற்றுத் தந்தவற்றைத் தனி அத்தியாயமாகவே எழுதியிருக்கிறேன். செய்தித்தாள் அரைத்த மரக்கூழால் ஆனது. கூழில் தங்கிவிடும் லிக்னின் என்ற பொருள் ஒளியும் காற்றும் பட்டுப் பழுப்பேறுகிறது, தாளில் உள்ள அமிலம் நார்களை அறுத்து அதை நொறுங்க வைக்கிறது. வீட்டில் ஏடு வைத்திருப்பவர்களுக்கு அவர் சொன்னது எளிமையானது: இருட்டிலும் குளிர்ச்சியிலும் ஈரமில்லாமலும் மடிக்காமல் கிடத்தி வையுங்கள், அமிலமற்ற தாளை இடையில் இடுங்கள், பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிவிடாதீர்கள், கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். டேப் உதிர்ந்த பின்னும் அதன் பசை தாளில் ஊறிக் கறையாகத் தங்கிவிடும். எனக்கு வந்த ஏடுகளில் இயற்கை செய்த சேதத்தைவிட அன்பு மிகுந்து டேப் ஒட்டியவர்கள் செய்த சேதம் அதிகம் என்றார் அவர். ஏடுகளைப் புரட்டிப் பார்த்தபோது அவர் மிகைப்படுத்தவில்லை என்று தெரிந்தது.

அச்சுத் தொழிலில் ஆயுளைக் கழித்த பெரியவர் ஒருவர் இல்லாவிட்டால் நான் படங்களைப் பார்த்திருப்பேன், பக்கங்களைப் புரிந்துகொண்டிருக்க மாட்டேன். ஒரே நாளில் ஒரே தொடர் இரு நாளிதழ்களில் ஏன் வேறுபட்டுத் தெரிகிறது என்று அவரிடம் கேட்டேன். வினியோக நிறுவனம் காகிதக்கூழில் அழுத்தி எடுத்த அச்சுகளை ஊர் ஊராக அனுப்பும். அந்தந்த நாளிதழ் அதில் ஈயத்தை வார்த்துத் தன் தகட்டைச் செய்துகொள்ளும். வார்ப்பு சரியில்லாத இடத்தில் கோடு உடையும். ஞாயிறு பக்கத்தின் கதை இன்னும் சுவையானது. முழுப்பக்கம், அரைப்பக்கம், மூன்றில் ஒரு பக்கம் என இடம் கிடைக்கும் அளவுக்கு ஏற்பப் பதிப்பாசிரியர் சில கட்டங்களை நீக்கிவிடலாம் என்பதை முன்கூட்டியே அறிந்து, நீக்கினாலும் கதை குலையாத கட்டங்களை மேல் வரிசையில் வைத்து ஓவியர்கள் வரைந்தார்கள். ஒரு நறுக்கு முழுமையாகத் தோன்றினாலும் அது முழுமையானதா என்று இன்னொரு நாளிதழோடு ஒப்பிடாமல் சொல்ல முடியாது என்ற எச்சரிக்கை அவருடையது. ‘பென் டே’ புள்ளிகளைக் கொண்டு சில மைகளிலிருந்து பல வண்ணங்களைப் பெற்ற முறையையும் அவரே உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்துக் காட்டினார்.

அந்தப் புள்ளிகளை அழிக்க மறுத்தவர் எனக்காகப் பக்கங்களை ஸ்கேன் செய்து சீர்படுத்திய நண்பர். கணினியில் வெண்மையைக் கூட்டித் தட்டையான புது வண்ணம் ஊற்றித் தரும்படி கேட்போர் உண்டு. அவர் கறைகளை மட்டும் நீக்கி, தாளின் நிறத்தையும் மையின் சாயலையும் விட்டுவைத்தார். பீட்டர் மரெஸ்கா 2005இல் வின்சர் மக்கேயின் ‘லிட்டில் நெமோ’ பக்கங்களை 16க்கு 21 அங்குல அளவில், நாளிதழில் வந்தபடியே பெரிதாகப் பதிப்பித்ததைத்தான் அவர் முன்மாதிரியாகக் கொண்டார். 1905இல் நியூயார்க் ஹெரால்டில் தொடங்கிய அந்தத் தொடரைக் கையடக்க நூலில் பார்த்தவர்கள் அதைப் பார்க்கவே இல்லை என்பது என் கருத்து. அதன் மூல ஓவியங்கள் பலவும் தப்பியது தனிக்கதை: மக்கேயின் மகன் முன்பு வேலை பார்த்த ஓவியக் கூடத்தில் அவற்றை 1966இல் கண்டெடுத்தவர் வூடி ஜெல்மன்.

கையெழுத்துப்படியை வாசித்துத் திருத்திய நண்பர், ‘இதுவே முதலாவது’ என்று எங்கே எழுதியிருந்தாலும் ஆதாரம் கேட்டார். ஓவியர் அவுட்கால்ட்டின் ‘மஞ்சள் பையன்’ என்ற பாத்திரம் 1895இல் நியூயார்க் வேர்ல்டு நாளிதழில் வந்து 1896இல் ஹெர்ஸ்ட்டின் போட்டி நாளிதழான ஜர்னலுக்குத் தாவியது வரலாற்றுத் திருப்பம்தான். ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே சுவிட்சர்லாந்தில் ரொடால்ஃப் டோப்ஃபர் படக்கதைகள் வரைந்துவிட்டார். பட் ஃபிஷர் 1907இல் சான் பிரான்சிஸ்கோ கிரானிக்கிளில் தொடங்கிய தொடர், வாரநாள்தோறும் வருவதை நிலைபெறச் செய்தது என்று சொல்வதே பொருந்தும். நண்பரின் கண்டிப்பால் நூல் சற்று மெலிந்தது, நம்பகம் கூடியது.

நிறுவனங்களுக்கும் கடன்பட்டிருக்கிறோம். லூசி ஷெல்டன் காஸ்வெல் 1977இல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில், சித்திரக்கதை ஓவியர் மில்டன் கேனிஃப் அளித்த சேகரத்தைக் கொண்டு தொடங்கிய சிறு நூலகமே இன்று பில்லி அயர்லாந்து கார்ட்டூன் நூலகமாகவும் அருங்காட்சியகமாகவும் வளர்ந்திருக்கிறது. ‘பீட்டில் பெய்லி’யின் ஓவியர் மார்ட் வாக்கர் 1974இல் திறந்த அருங்காட்சியகம் பலமுறை இடம் மாறி மூடப்பட்டபின், அதன் மூல ஓவியங்களும் 2008இல் அங்கேயே அடைக்கலம் புகுந்தன.

இறுதியாக, தமிழ்த் தொடர்களின் நறுக்குகளை அனுப்பியவர்களுக்கு நன்றி. தினத்தந்தியில் 1960 முதல் வந்துகொண்டிருக்கும் ‘கன்னித்தீவு’ பற்றி எழுதுவதற்கு, அதை நாள்தோறும் வெட்டி வைத்த வாசகர்களைவிடச் சிறந்த துணை எனக்கு அமையவில்லை.

இரவலாக வந்த ஏடுகள் அனைத்தும் உரியவர்களிடம் திரும்பச் சேர்ந்துவிட்டன. தேதிவாரியான அட்டவணையின் படி ஒன்று உதவிய ஒவ்வொருவருக்கும் வந்து சேரும். கிடைக்காத தேதிகள் அதில் கட்டமிட்டுக் காட்டப்பட்டுள்ளன. அவற்றில் ஏதேனும் உங்களிடம் இருந்தால் ஸ்கேன் செய்த படம் போதும். நறுக்கை ஏட்டிலிருந்து பெயர்க்க வேண்டாம். ஓரத்தில் தேதி எழுதியிருந்தால் அந்த ஓரமும் தெரியும்படி ஸ்கேன் செய்து அனுப்புங்கள்.

நன்றியுடன்,
நூலாசிரியர்