பாதியை யாருக்காவது கொடு

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அப்பாவின் முட்டிவலி முன்னைக்குத் தேவலை. அண்ணன் குழந்தைக்கு இரண்டாவது பல்லும் முளைத்துவிட்டது. இதெல்லாம் குடும்பக் குரூப்பில் வந்ததுதான், நீயும் பார்த்திருப்பாய். பார்த்ததற்கு அடையாளமாக நீலக்கோடு விழுகிறது, பதில்தான் வருவதில்லை. போகட்டும், அதற்காக எழுதவில்லை.

நீ போடும் பிரெட் படங்களைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். போனில் சொன்னால் "சரிம்மா, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை வைத்துவிட முடியாது பார்.

வியாழக்கிழமை போட்டாயே உருண்டையாக ஒன்று, மேலே கீறிவிட்டது, அது பிரமாதம். கீறிய இடம் வாய் பிளந்து ஓரம் தூக்கிக்கொண்டு நின்றது. மேலோடு நல்ல செம்பழுப்பு, அங்கங்கே சின்னச் சின்னக் கொப்புளம். எத்தனையோ பேர் மேலே நிறம் வந்ததும் பயந்துபோய் வெளியே எடுத்துவிடுவார்கள். நீ பொறுத்திருக்கிறாய். சித்தியிடம் காட்டினேன், கடையில் வாங்கியதா என்று கேட்டாள். என் பெண் சுட்டது என்று சொல்லும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஆனால் அதற்கு அடுத்த படம் இருக்கிறதே, அறுத்து வைத்த படம், அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கத்தியில் மாவு அப்பியிருக்கிறது. வெட்டிய முகம் ஈரமாக, பிசுபிசுவென்று இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வேகவில்லை என்று நினைத்து நீ கவலைப்பட்டிருப்பாய். அது வெந்ததுதான். சூட்டோடு அறுத்துவிட்டாய், அவ்வளவுதான். ஓவனிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கும். நடுவில் இருக்கிற ஆவி வெளியே வரணும், இளகிக் கிடக்கிற மாவுச்சத்து இறுகணும். கம்பி வலைமேல் வைத்து ஒரு மணி நேரமாவது விடு. பெரிய பிரெட்டாக இருந்தால் இரண்டு மணி நேரம். வெந்ததா என்று சந்தேகம் வந்தால் திருப்பிப் போட்டு அடியில் விரலால் தட்டிப் பார், உள்ளே காலியாக இருப்பது போலச் சத்தம் வரும். தெர்மாமீட்டர் வைத்திருந்தால் நடுவில் 95 டிகிரிக்கு அக்கம்பக்கம் காட்டினால் போதும்.

இது உனக்குத் தெரியாததா? நீ பொறுமைசாலி. எட்டாம் வகுப்பு லீவில் கேக் ஆறும்வரை அண்ணனைத் தொடவிடாமல் காவல் காத்தவள் நீதான். அப்படிப்பட்டவள் கொதிக்கக் கொதிக்க அறுத்திருக்கிறாய் என்றால், அதற்கு முன்னால் கடைசியாக எப்போது சாப்பிட்டாய்?

நேரத்துக்குச் சாப்பிடு.

அது பிசையாத பிரெட் என்பது பார்த்ததுமே தெரிந்தது. ஜிம் லேஹி என்கிற பேக்கரிக்காரர் முறை, 2006-ல் நியூயார்க் டைம்ஸில் மார்க் பிட்மேன் எழுதி ஊரெல்லாம் பரவியதே, அது. நானும் அதைத்தான் செய்கிறேன். 400 கிராம் மாவு, 300 மில்லி தண்ணீர், ஒன்றேகால் டீஸ்பூன் உப்பு, கால் டீஸ்பூன் ஈஸ்ட். கரண்டியால் கலந்து மூடி வைத்துவிட்டால் 12-லிருந்து 18 மணி நேரம் அதுபாட்டுக்கு உப்பும். நாம் பிசைந்து உண்டாக்குகிற இழுவையை நேரமே உண்டாக்கிவிடும். அப்புறம் எடுத்து மடித்து உருட்டி இன்னொரு ஒன்றரை, இரண்டு மணி நேரம். பிறகு 230 டிகிரியில் காய்ந்த கனமான பாத்திரத்தில் போட்டு, மூடி அரைமணி, திறந்து கால்மணி. மூடி போடுவது எதற்கு என்றால், மாவிலிருந்து வருகிற ஆவி அதற்குள்ளேயே சுற்றினால் மேல்தோல் சீக்கிரம் காயாமல் நன்றாக எழும்பும்.

ஆக, முந்தின நாள் ராத்திரி கலந்தால் மறுநாள் மதியம்தான் சுட முடியும். வேலைக்குப் போகிறவர்கள் சனிக்கிழமை ராத்திரி கலந்து ஞாயிற்றுக்கிழமை சுடுவார்கள். நீ வியாழக்கிழமை சுட்டிருக்கிறாய். ஜன்னலில் நல்ல வெயில் தெரிகிறது. அதற்கு முந்தினது செவ்வாய்க்கிழமை. லீவு போட்டிருப்பாய். உடம்புக்கு ஓய்வு வேணும்தான். நான் ஒன்றும் கேட்கவில்லை.

இன்னொன்று. எல்லாப் படத்திலும் ஒரே ஒரு துண்டுதான் குறைந்திருக்கிறது. பக்கத்தில் ஒரு தட்டு, ஒரு கப். அவ்வளவு பெரிய பிரெட்டில் மீதி எங்கே போகிறது? போன மாதம் ஃப்ரீசர் கதவைத் திறந்து ஒரு படம் போட்டாயே, "ஸ்டாக்" என்று எழுதி? உள்ளே செங்கல் அடுக்கியது மாதிரி பிரெட். எல்லோரும் சிரிக்கிற பொம்மை போட்டார்கள். நானும்தான் போட்டேன். ஆனால் ராத்திரி படுத்தால் அந்த ஃப்ரீசர்தான் கண்முன்னால் வருகிறது.

ஃப்ரீசரில் வைப்பது தப்பில்லை, அதுதான் சரியான முறையும்கூட. துண்டு போட்டு, காற்றுப் புகாமல் கட்டி வைத்தால் எடுத்து நேராக டோஸ்டரில் போடலாம். ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்காதே. ஃப்ரிட்ஜின் குளிரில்தான் பிரெட் சீக்கிரம் விறைத்துப் போகும். வெளியே வைத்ததைவிட வேகமாகப் பழசாகிவிடும். ஈரம் போவதால் அல்ல, மாவுச்சத்து மறுபடி கெட்டிப்படுவதால். ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. ஒரு ஆளுக்கு அவ்வளவு பிரெட் எதற்கு? பாதியை யாருக்காவது கொடு.

யாருக்கு என்று கேட்காதே. எதிர்வீட்டில் ஒரு பெரியம்மா இருக்கிறார்கள் என்று குடிபோன புதிதில் சொன்னாய். மாடியில் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆபீஸ் சிநேகிதிகள், முன்பெல்லாம் வாயைத் திறந்தால் அவர்கள் பேச்சுதான், இப்போது ஒருத்தி பேரும் காதில் விழுவதில்லை. அவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடேன். ஆபீஸுக்கு வேண்டாம் என்றால் வீட்டுக்கு வரச்சொல்லிக் கொடு.

கொடுப்பதற்கு அந்த உருண்டை பிரெட் அவ்வளவு தோதுப்படாது. சின்ன பன்தான் நல்லது. ஒருத்தருக்கு இரண்டு கொடுத்தால் வாங்கிக்கொள்ளக் கூச்சமும் இருக்காது. 500 கிராம் மைதா, 300 மில்லி வெதுவெதுப்பான பால், 50 கிராம் வெண்ணெய், 40 கிராம் சர்க்கரை, ஒன்றரை டீஸ்பூன் உப்பு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். பால் விரல் வைத்தால் இதமாக இருக்கணும், சுட்டால் ஆறவிடு. 60 டிகிரி சூட்டில் ஈஸ்ட் செத்துவிடும், அப்புறம் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் மாவு அசையாது. பத்து நிமிஷம் பிசை. முதலில் கையெல்லாம் ஒட்டும், அதற்குப் பயந்து மேலே மேலே மாவைத் தூவாதே, பன் கல்லாகிவிடும். பிசையப் பிசைய வழிக்கு வரும். ஒரு சிட்டிகை எடுத்து விரலில் இழுத்தால் கிழியாமல் வெளிச்சம் தெரிகிற அளவுக்கு மெல்லிசாக விரியணும். இரண்டு மடங்கு உப்பியதும் பன்னிரண்டாகப் பிரி. தட்டில் ஒன்றுக்கொன்று தொடும் தொடாமல் இருக்கிறபடி அடுக்கு. இன்னொரு முக்கால் மணி விட்டால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். மேலே பால் தடவி 190 டிகிரியில் இருபது நிமிஷம். வெளியே எடுத்ததும் வெண்ணெய் தடவு. இதை இளம்சூட்டோடு சாப்பிடலாம், அந்தப் பெரிய பிரெட் மாதிரி காத்திருக்க வேண்டாம். பன்னிரண்டு பன். உனக்கு நாலு வைத்துக்கொள். எட்டு வெளியே போகணும்.

கொடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள். சிலருக்குக் கோதுமையே ஒத்துக்கொள்ளாது, அவர்களுக்கு ஒரு வாய்கூட ஆகாது. பால், முட்டை, கொட்டை வகை ஆகாதவர்களும் உண்டு. பன்னில் பால் இருக்கிறது, வெண்ணெய் இருக்கிறது, அதைச் சொல்லிவிடு. "உங்களுக்கு எது ஆகாது?" என்று கேட்கப் போனால் கதவருகில் நின்று நாலு வார்த்தை பேசித்தானே ஆகணும். அதுவும் நல்லதுதான்.

மொறுமொறுப்பான பிரெட்டைக் காகிதத்தில் சுற்றிக் கொடு, பிளாஸ்டிக் கவரில் போட்டால் மேலோடு தொளதொளத்துவிடும். பன்னை மட்டும் டப்பாவில் கொடு. நல்ல டப்பாவாக, தூக்கிப் போட மனசு வராத டப்பாவாகப் பார்த்துக் கொடு. அதைத் திருப்பிக் கொடுக்கவாவது யாராவது உன் வீட்டு பெல்லை அடிப்பார்கள். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன், சிரிக்காதே.

அப்பாவுக்கு அந்த வருஷம் வந்த கஷ்டம் உனக்கும் தெரியும், நீ அப்போது விவரம் தெரிந்த பிள்ளைதான். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வந்துபோனவர்கள் யார் யார் என்று இன்றைக்கும் வரிசையாகச் சொல்லுவார். வந்தவர்கள் பணம் கொண்டுவரவில்லை, யோசனையும் சொல்லவில்லை. உட்கார்ந்து பேசிவிட்டுப் போனார்கள். அப்பாவும் தானாக யாரிடமும் போய்ச் சொல்லவில்லை. நீ அப்படியே அவர்தான். மூக்கு, பிடிவாதம், வாயை மூடிக்கொள்வது எல்லாம். சித்தி வீட்டு விஷயத்தில் என்ன ஆனது? எல்லோருக்கும் கடைசியில்தான் தெரிந்தது. தெரிந்தவுடன் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான், ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று.

நீ கெட்டிக்காரி. உன்னைப் பற்றி எனக்குப் பயமில்லை. பயம் இல்லாமலா ராத்திரி ஒரு மணிக்குப் போட்ட படத்துக்கு ஒரு மணிக்கே லைக் போட்டேன் என்று நீ நினைக்கலாம். தூக்கம் வரவில்லை, அதனால்தான்.

மாவு கலக்கக்கூட கை எழாத நாள் ஒன்று வரும். எல்லோருக்கும் வரும். அன்றைக்கு ஈஸ்ட் பக்கமே போகாதே. அதற்கு அயர்லாந்துக்காரர்களின் சோடா பிரெட் இருக்கிறது. 450 கிராம் மாவு, ஒரு டீஸ்பூன் சமையல் சோடா, ஒரு டீஸ்பூன் உப்பு, 400 மில்லி கெட்டியான புளித்த மோர். கலந்து சேர்ந்ததும் நிறுத்திவிடு, பிசையாதே. மேலே ஆழமாக ஒரு சிலுவைக் கீறல் போட்டு உடனே 200 டிகிரியில் வை. மோரின் புளிப்பு பட்டதுமே சோடா வேலையை ஆரம்பித்துவிடும், மாவை வெளியே காக்க வைத்தால் அது பொங்குகிற வேகம் வீணாகிவிடும். நாற்பது நிமிஷத்தில் பிரெட். அதையும் பாதி கொடு. அன்றைக்குத்தான் முக்கியமாகக் கொடுக்கணும். தலை வாரிக்கொண்டு, செருப்பைப் போட்டுக்கொண்டு, எதிர்வீடு வரைக்கும் போய்விட்டு வா. போதும்.

பச்சை மாவை நக்கிப் பார்க்கிற பழக்கத்தை இன்னும் விடவில்லை என்றால் விடு. மாவு என்பது வேகவைக்காத பொருள், அதில் வயிற்றைக் கெடுக்கிற கிருமி இருக்கலாம். முட்டை போடவில்லையே என்று நினைக்காதே.

அண்ணன் உன்னோடு பேசணும் என்கிறான். நான்தான், இப்போது வேண்டாம், அவளாகப் பேசட்டும் என்று சொல்லி வைத்திருக்கிறேன். எத்தனை நாள் அப்படிச் சொல்ல முடியும்? அப்பா எதுவும் கேட்பதில்லை. படம் வந்தால் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்க்கிறார், பார்த்துவிட்டு "நன்னா வந்திருக்கு" என்கிறார், எழுந்து வெளியே போய்விடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போன் செய்வேன். மாவுக் கையோடாவது எடு. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், பிரெட்டைப் பற்றி மட்டும் பேசினாலும் சரிதான்.

இப்படிக்கு,
உன் அம்மா

பி.கு: படத்தில் உன் ஓவன் கையுறையைப் பார்த்தேன், கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதோடு 230 டிகிரியில் இருந்த பாத்திரத்தைத் தூக்காதே. ஈரத்துணியையும் பிடிக்காதே, ஈரத்தில் சூடு சட்டென்று கைக்கு ஏறிவிடும். மூடியைத் திறந்து கீழே வைத்தால் அதன் கைப்பிடிமேல் ஒரு துணியைப் போட்டு வை, சூடு என்பதை மறந்து தொட்டுவிடுவோம். புதுக் கையுறை வாங்கிக்கொள். என் கணக்கிலிருந்து கொஞ்சம் பணம் போட்டிருக்கிறேன். கையுறைக்கு இவ்வளவா என்று கேட்காதே. மீதி உன்னிடமே இருக்கட்டும், அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.