ஒருங்குறி மாற்றத்துக்குத் துணைநின்ற தன்னார்வலர்களுக்கு நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருள் வழியாக அச்சுக்கோக்கப்பட்ட எங்கள் சிற்றிதழின் பழைய இதழ்களை ஒருங்குறிக்கு (யூனிகோடு எனும் பொதுக் குறியீட்டு முறைக்கு) மாற்றும் பணி நிறைவடைந்துவிட்டது. ஊதியம் எதுவும் பெறாமல், முன்பின் அறிமுகமில்லாத எங்களுக்கு வழிகாட்டிய கட்டற்ற மென்பொருள் தன்னார்வலர்கள் அனைவருக்கும் இதழ்க் குழுவின் சார்பில் நன்றி தெரிவிக்கிறோம்.

நீங்கள் தந்த விடைகளைவிட, உதவி கேட்போருக்காக எழுதி வைத்திருந்த வேண்டுகோள் குறிப்புக்கே நாங்கள் அதிகம் கடமைப்பட்டிருக்கிறோம். மென்பொருளின் பெயர், பதிப்பு எண், இயங்குதளம், எழுத்துருவின் பெயர், அதுவரை செய்து பார்த்தவை, எதிர்பார்த்த விளைவு, உண்மையில் கிடைத்த விளைவு ஆகியவற்றை எழுதுமாறும், பிழைச் செய்தி இருந்தால் அதை ஒரு சொல்லும் மாற்றாமல் தருமாறும் அக்குறிப்பு கேட்டது. முதற்பார்வைக்கு அது தாலுகா அலுவலக விண்ணப்பம்போலத்தான் இருந்தது. ஆனால், ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், சிக்கல் தெரியும் மிகச் சிறிய பகுதியை மூலக் கோப்பாகவே அனுப்புங்கள் என்ற வரியின் அருமை எங்கள் சிக்கலிலேயே விளங்கியது.

மாற்றிய பக்கங்களில் ‘வெள்ளி’ என்பது ‘வௌ்ளி’ என்றும், ‘வெளியீடு’ என்பது ‘வௌியீடு’ என்றும் வந்துகொண்டிருந்தன. பாமினியில் ஔகாரக் குறியின் பின்பாதிக்கெனத் தனி இடம் கிடையாது. ளகரத்தையே அதற்கும் தட்டுவார்கள். ஆகவே ‘கௌ’ என்ற ஓரெழுத்தும், ‘கெ’, ‘ள’ என்ற ஈரெழுத்தும் பழைய கோப்பில் ஒன்றுபோலவே பதிவாகியிருக்கும். படமாக அனுப்பியிருந்தால் உள்ளே இருக்கும் குறியீடு யார் கண்ணுக்கும் பட்டிருக்காது. நாங்கள் அனுப்பிய ஒற்றை வரிக் கோப்பைத் திறந்து பார்த்த ஒருவர், ஒற்றைக்கொம்பு, மெய், ளகரம் என்ற வரிசையைக் கண்ட இடமெல்லாம், ஒருங்குறிக்கு மாற்றும் நிரல் அதை ஔகாரமாக்கிவிடுகிறது என்று கண்டுபிடித்தார். ளகரத்தை அடுத்துப் புள்ளியோ உயிர்க்குறியோ வந்தால் அது ளகரமே என்ற விதியை இன்னொருவர் எழுதித் தந்தார். மௌனம், கௌரவம், பௌர்ணமி, வௌவால் போன்ற சொற்களுக்குத் தனிப் பட்டியல் தேவை என்று மூன்றாமவர் நினைவூட்டினார். முழு இதழையும் அனுப்பியிருந்தால் இவ்வளவு விரைவில் யாரும் இதைத் தொட்டிருக்க மாட்டார்கள். சந்தாதாரர் முகவரிகளும் அதனுடன் வெளியே போயிருக்கும்.

தலைப்பில் ‘அவசரம், உதவி தேவை’ என்று எழுதாமல் சிக்கலையே எழுதுதல், ஒரு மடலில் ஒரு கேள்வி, ஒரே கேள்வியை ஒரே நேரத்தில் பல இடங்களில் கேட்காதிருத்தல் ஆகியவையும் அக்குறிப்பில் இருந்தன. இவற்றுக்கு விளக்கம் வேண்டியதில்லை. மறுமொழியில் முந்தைய மடல் முழுவதையும் சுமக்காமல், தேவையான வரிகளை மட்டும் வைத்து அவற்றின் கீழே எழுதச் சொன்னது பயனுள்ள பழக்கம். சூழல் விளங்கும் அளவுக்கு மட்டும் மேற்கோள் காட்டுமாறு, 1995 அக்டோபரில் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தைக் குறிப்பும் சொல்கிறது. கைப்பேசியில் எழுதுவோருக்கு இது சற்றுத் தொல்லை என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

விடையளித்தவருக்குத் தனிமடல் எழுதாமல் தொடர்கேள்விகளையும் பொதுவிலேயே கேட்க வேண்டும் என்ற விதி எங்களுக்குக் கூச்சமாக இருந்தது. எனினும் ஒருவர் சொன்ன விதியில் ‘ஔ’ என்ற தனி உயிர் விடுபட்டிருந்ததை மற்றொருவர் பார்த்துத் திருத்தியது, உரையாடல் எல்லோர் முன்னும் நடந்ததால்தான்.

தீர்வு கிட்டியபின் முடிவை எழுதுங்கள் என்பது உங்கள் குறிப்பின் கடைசி வேண்டுகோள். அதன்படி, மேற்கண்ட விதியும் சொற்பட்டியலும் சேர்ந்தபின் ஔகாரப் பிழைகள் நீங்கின என்றும், பட்டியலில் இல்லாத ஊர்ப்பெயர்களையும் ஆட்பெயர்களையும் மெய்ப்புப் பார்ப்பவரே திருத்த வேண்டியிருந்தது என்றும் தெரிவிக்கிறோம். திருத்திய சொற்பட்டியலை யாரும் எடுத்துப் பயன்படுத்தவும் மாற்றவும் தடையில்லாத உரிமத்தில் வெளியிட்டிருக்கிறோம். பாமினிக் கோப்புகளோடு இனி வருவோரின் கேள்விகளுக்கு, எங்களுக்குத் தெரிந்த அளவில் நாங்களும் விடையளிக்கிறோம்.

நன்றியுடன்,
இதழ்க் குழுவினர்