ஹெட்டைக் கழற்றுவதற்கு முன்

அம்மாடி,

நேற்று நீ அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்தது போல வெளுத்த பிசுக்கு. அதை மட்டும் வைத்து, இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல்பகுதியான ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கட் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். குளிர் நாளில் பக்கத்துத் தெருவுக்கே போய் வரும் வண்டியில் ஈரம் படிந்தும் அப்படி ஆகும். ஆனால் கூலன்ட் எங்கும் ஒழுகாமலேயே குறைகிறது, இன்ஜின் ஓடும்போது ரேடியேட்டரில் விடாமல் குமிழி வருகிறது, சைலன்சரில் இனிப்பு வாசனையோடு வெள்ளைப் புகை என்றும் எழுதியிருக்கிறாய். எல்லாம் சேர்ந்தால் கேஸ்கட் போனதில் சந்தேகம் குறைவுதான். இருந்தாலும் ஸ்பானரை எடுக்கும் முன் ஒருமுறை கம்ப்ரஷன் பார்த்துவிடு. அடுத்தடுத்த 2 சிலிண்டர்களில் மட்டும் அழுத்தம் சேர்ந்தாற்போல் குறைந்திருந்தால், அவற்றுக்கு நடுவில்தான் கேஸ்கட் எரிந்திருக்கும்.

கேஸ்கட்டை வீட்டிலேயே மாற்றப் போகிறேன் என்று நீ சொன்னதும் அம்மா பயந்துவிட்டாள். நான் பயப்படவில்லை. உன் கை எனக்குத் தெரியும். சின்ன வயதில் டார்ச் பிடிக்கச் சொன்னால் வெளிச்சத்தை என் கண்ணிலேயே அடிப்பாய், அது வேறு கதை.

நான் முதன்முதலில் இந்த வேலையைச் செய்தபோது நடந்ததை உனக்குச் சொன்னதில்லை. 2 நாள் முழுக்க உட்கார்ந்து கேஸ்கட் மாற்றினேன். வண்டி ஒரே உதையில் எழுந்தது. பெருமை தாங்கவில்லை. 3 வாரம் கழித்து நடுவழியில் மறுபடி ஆவி. திரும்பப் பிரித்தால் புதுக் கேஸ்கட் அதே இடத்தில் கருகியிருந்தது. சூடானதும் கூலன்டை ரேடியேட்டருக்குத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கியிருந்தது. முதல் தடவை வண்டி கொதித்ததற்கும் அதுதான் காரணம். நான் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஹெட் வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கவில்லை. கேஸ்கட் தானாகப் போவது அபூர்வம், பெரும்பாலும் வண்டி கொதித்துத்தான் போகும். உன் வண்டியில் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அதே சூட்டுக்கு அலுமினியம் ஏறக்குறைய 2 மடங்கு விரியும். அளவுக்கு மீறிக் கொதித்தால் முதலில் வளைவது ஹெட்தான்.

அதனால் உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான்: வண்டி ஏன் கொதித்தது என்று கண்டுபிடிக்காமல் ஹெட்டைத் திரும்ப ஏற்றாதே. தெர்மோஸ்டாட்டை வெந்நீரில் போட்டுத் திறக்கிறதா பார். ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா, வாட்டர் பம்ப் ஆடுகிறதா, ரேடியேட்டர் அடைத்திருக்கிறதா, எல்லாவற்றையும் பார்.

பிரிக்கும் வேலை நீ நினைப்பதைவிடச் சுலபம். இன்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும்; சூட்டில் போல்ட்டைத் தளர்த்தினால் ஹெட் அப்போதே வளையும். வடித்த கூலன்டைத் திறந்து வைக்காதே, இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குடித்துச் செத்துவிடும். வால்வையும் பிஸ்டனையும் ஒத்து ஓட வைக்கும் டைமிங் பெல்ட்டின் குறிகளைச் சேர்த்து நிறுத்தி, படம் எடுத்துக்கொண்டு அப்புறம் பெல்ட்டைக் கழற்று. திரும்ப மாட்டும்போது அது சில பல் தவறினால், பல இன்ஜின்களில் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். ஹெட் போல்ட்டுகளை ஓரத்திலிருந்து நடுவை நோக்கி, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்து. ஓர் அட்டையில் ஹெட்டை வரைந்து, ஓட்டை போட்டு, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே செருகி வை.

சுத்தம் செய்வதில்தான் பொறுமை வேண்டும். பழைய கேஸ்கட்டைச் சுரண்ட பிளாஸ்டிக் சுரண்டி போதும். டிரில்லில் மாட்டும் உரசும் தட்டு வேகமாகச் செய்யும், ஆனால் வேண்டாம். அதன் தூள் ஆயிலோடு போய் பேரிங்கை அரித்துவிடும். அப்புறம் நேரான இரும்புப் பட்டியை ஹெட்டின் மேல் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைக்கு மூலையும் வைத்து, மெல்லிய தகடுகளால் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜை நுழைத்துப் பார். பல இன்ஜின்களில் 0.05 மி.மீ.க்கு மேல் போனாலே சரியில்லை என்பார்கள். அது ஒரு தலைமுடிப் பருமன்கூட இல்லை. உன் மேனுவலில் இருக்கும் அளவுதான் கணக்கு. மீறினால் தயங்காமல் லேத் பட்டறையில் கொடுத்து, தளத்தைச் சீவி மட்டமாக்கும் ஃபேசிங் செய்துவிடு, விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல். பிளாக்கின் மேல்தளத்தையும் அதேபோல் பார்.

போல்ட் ஓட்டைகளில் ஒரு சொட்டு ஆயிலோ தண்ணீரோ நிற்கக் கூடாது. போல்ட் இறங்கும்போது அந்தத் திரவத்துக்குப் போக இடமில்லாமல் பிளாக்கையே பிளந்துவிடும். கேஸ்கட்டில் எந்தப் பக்கம் மேலே என்று எழுதியிருந்தால் அதன்படி வை. திருப்பி வைத்தால் ஆயில் ஓட்டை அடைபடலாம். உலோகத் தகடு அடுக்கிய கேஸ்கட் என்றால், மேனுவலில் சொல்லாதவரை மேலே எந்தப் பசையும் தடவாதே.

இறுக்கும்போது நடுவிலிருந்து ஓரத்துக்கு, மேனுவலில் உள்ள வரிசையில், படிப்படியாக. இறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சில் ஓர் அளவு வரை இறுக்கிவிட்டு, அதன்பின் 90 டிகிரி திருப்பச் சொன்னால், அந்த போல்ட்டுகள் பெரும்பாலும் நீண்டு பிடிப்பவை. அவற்றை மறுபடி போடாதே, புதிது வாங்கு. நான் அந்தக் காலத்தில் கைக்கணக்கில் இறுக்கினேன். அது கெட்ட பழக்கம், அப்பாவைப் பார்த்துக் கற்காதே.

முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் புதிது. கூலன்ட் ஊற்றிக் காற்றை முழுக்க வெளியேற்று. உள்ளே காற்று நின்றால் மறுபடி கொதிக்கும். முதல் அரை மணி நேரம் டெம்பரேச்சர் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காதே. சூட்டில் மட்டும் மூடியைத் திறந்துவிடாதே.

ஹெட்டை ஏற்றும் முன் பட்டியும் ஃபீலர் கேஜும் வைத்த படத்தை அனுப்பு. எந்த நேரமானாலும் பரவாயில்லை, போனைப் பக்கத்திலேயே வைத்திருப்பேன்.

அப்பா